லாஜிக் கேட்டை பைத்தானில் எழுத நாலு வழி: எது யாருக்கு?

நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஓ லெவல் கம்ப்யூட்டிங்கில் லாஜிக் கேட்டும் (0, 1 என்ற உள்ளீடுகளை வாங்கி 0 அல்லது 1 விடை தரும் சிறு மின்சுற்று) படிக்கிறார்கள், பைத்தானும் படிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து, "ஆண்ட் கேட்டுக்கு ஒரு ஃபங்ஷன் எழுது" என்று சொன்னால் எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்கள் உண்டு. பைத்தானில் அதற்கு ஒரு வழி இல்லை, குறைந்தது நாலு வழி இருக்கிறது. நாலும் விடை தரும். ஆனால் புதிதாகக் கற்பவருக்கு நாலும் ஒன்றல்ல.

முதல் வழி இஃப்–எல்ஸ். அ, ஆ இரண்டும் 1 என்றால் 1 கொடு, இல்லாவிட்டால் 0 கொடு. (பைத்தான் 3-இல் மாறிக்கு அ, ஆ என்றே பெயர் வைக்கலாம், வைத்துப் பாருங்கள்.) வாய்விட்டுப் படித்தாலே புரிகிறது, அதனால் முதல் கேட்டை இப்படித்தான் எழுத வேண்டும் என்பேன். எக்ஸ்ஆர் (இரண்டில் ஒன்று மட்டும் 1 என்றால் 1 தரும் கேட்) வரும்போதுதான் இழுக்கும். வீவக மேசொனெட் வீட்டில் படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்குமே, எதைத் தட்டினாலும் விளக்கு மாறும், அதுதான் எக்ஸ்ஆர். அதை இஃப்–எல்ஸில் எழுதினால் வரிகள் பெருகி, கேட் எது, இலக்கணம் எது என்று பிரித்துப் பார்க்கவே சிரமமாகிவிடும்.

அடுத்தது ஆண்ட், ஆர், நாட் என்ற பைத்தான் சொற்களையே பயன்படுத்துவது. பெயர் பொருந்துவதால் பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 5 ஆண்ட் 3 என்று போட்டால் 3 வரும், ஏனென்றால் அந்தச் சொல் பிட்களை (எண்ணின் 0, 1 இலக்கங்களை) பார்ப்பதில்லை, இரண்டு மதிப்புகளில் ஒன்றை அப்படியே திருப்பித் தருகிறது. 1 ஆண்ட் 0 போட்டால் 0 வரும், நாட் 0 போட்டால் ட்ரூ வரும். மெய் அட்டவணையை (எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை என்ற பட்டியலை) அச்சிட்டால் எண்ணும் சொல்லும் கலந்து கிடக்கும். எக்ஸ்ஆருக்குச் சொல்லே கிடையாது. இன்னொன்று, இடப்பக்கம் 0 என்றால் ஆண்ட் வலப்பக்கத்தைத் திரும்பியே பார்க்காது. நிஜ கேட்டில் இரண்டு வயரும் எப்போதும் இணைந்தே இருக்கும்.

மூன்றாவது &, |, ^ குறியீடுகள். 5 & 3 என்றால் 101-ஐயும் 011-ஐயும் பிட் பிட்டாக ஒப்பிட்டு 001, அதாவது 1 தரும். சர்க்கியூட் செய்வதும் இதைத்தான். ஒரே ஒரு பள்ளம் ~. ~1 போட்டால் 0 வராது, -2 வரும். பைத்தான் கடைசி பிட்டை மட்டும் அல்லாமல் குறி பிட் (கூட்டலா கழித்தலா என்று காட்டுவது) உட்பட எல்லாவற்றையும் புரட்டுவதால் விடை எப்போதும் -அ - 1 ஆகிவிடும். அதனால் நாட் கேட்டுக்கு 1 - அ என்று எழுதுங்கள், போதும்.

நான்காவது, மெய் அட்டவணையையே டிக்‌ஷனரியாக எழுதிவைப்பது. எழுதியதைச் சரிபார்க்க நல்லது. ஐந்து உள்ளீடு வந்தால் 32 வரிசை எழுத வேண்டும், அவ்வளவுதான் அதன் எல்லை.

என் தேர்வு மூன்றாவது. அதிலும் ஆண்டின் விடையைப் புரட்டித் தரும் நாண்ட் என்ற ஒரே ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் குறியீட்டைப் பயன்படுத்துங்கள்: நாண்ட்(அ, ஆ) என்பது 1 - (அ & ஆ). மற்ற எல்லாவற்றையும் அதை அழைத்தே கட்டலாம்; இப்படி ஒரே செயல் போதும் என்று தர்க்கவியலாளர் ஹென்றி ஷெஃபர் 1913-இலேயே காட்டினார். நாட் வேண்டுமா, நாண்ட்(அ, அ). எக்ஸ்ஆருக்கு நாலு நாண்ட்: முதலில் இ = நாண்ட்(அ, ஆ), பிறகு நாண்ட்(நாண்ட்(அ, இ), நாண்ட்(ஆ, இ)).

7400 என்ற சிப்பில் இருப்பதும் சரியாக நாலு நாண்ட். ஜாலான் புசார் சிம் லிம் டவரில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மொத்தம் 14 பின், 7-ஆவது பின் கிரவுண்ட், 14-ஆவது பின்னில் 5 வோல்ட். எழுதிய எக்ஸ்ஆரை வரிக்கு வரி பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் வயர் செருகும் பலகை) இழுத்துவிடலாம். இரண்டு பிட்களைக் கூட்டும் ஹாஃப் ஆடர் வரை போகும் எண்ணம் இருந்தால், கேரிக்கு (அடுத்த இடத்துக்குப் போகும் மிச்சம்) நாண்ட்(இ, இ) என்று ஐந்தாவது ஒன்று தேவைப்படும். சிப்பை இரண்டாக வாங்கிவிடுங்கள்.