தூக்கம் அளக்கும் பட்டையோடு 18 மாதம்

தூக்கத்தை அளக்கும் ஸ்மார்ட் பட்டையை மணிக்கட்டில் கட்டி 18 மாதம் ஆகிறது. வாங்கும்போது என் நிலைமை இது: இரவு 10 மணிக்கே படுத்துவிடுவேன். கண் அசர 12 தாண்டிவிடும். நாலரைக்கு முழிப்பு வந்தால் அப்புறம் அரைத்தூக்கம்தான். பகலெல்லாம் கண் எரியும், யார் என்ன கேட்டாலும் சுள்ளென்று விழுவேன்.

முதல் மூன்று மாதம் பட்டையால் கெடுதல்தான். கண்ணைத் திறந்ததும் செயலியில் மதிப்பெண் பார்ப்பேன். நன்றாகத் தூங்கிய மாதிரிதான் இருக்கும். அது 61 என்று காட்டும், உடனே உடம்பு அசந்துவிடும். இப்படி மதிப்பெண்ணைத் துரத்தித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு 2017-லேயே 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது எனக்கு முன்பே பலர் விழுந்த குழி.

இத்தனைக்கும் அந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்? ஓர் இரவு 2 மணியிலிருந்து 3 மணி வரை கண்ணை மூடி அசையாமல் கிடந்தேன். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் வரை காதில் விழுந்தது. காலையில் பார்த்தால் அந்த ஒரு மணி நேரத்தையும் 'லேசான தூக்கம்' என்று ஊதா நிறத்தில் பூசி வைத்திருந்தது. கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் பட்டை ஊகிக்கிறது. மூளை அலைகளைப் பதிவு செய்ய ஆய்வகத்தில் தலையில் கம்பிகள் ஒட்டிப் படுக்க வேண்டும்.

என் தூக்கத்தை மாற்றியது பட்டை இல்லை, ஒரு மருத்துவர் சொன்ன கணக்கு. "நீங்க தூங்குறது அஞ்சரை மணி நேரம், படுக்கையில கிடக்குறது எட்டு மணி நேரம். மிச்ச நேரம் படுக்கையில கவலைப்படத்தான் பழகியிருக்கீங்க" என்றார். ஆக, பன்னிரண்டரைக்கு முன்னால் படுக்கக் கூடாது, காலை ஆறுக்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் போய் உட்கார வேண்டும். தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையில் இதெல்லாம் ஒரு பகுதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு இந்தச் சிகிச்சையைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது.

முதல் இரண்டு வாரம் நரகம். பதினொரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாயும், முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவேன். (இரவில் வண்டி ஓட்டும் வேலையில் இருப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைத் தாங்களாகவே முயல வேண்டாம்.) விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்துக்கு நெருக்கும். அது முழுதாகச் சேர விடுவதுதான் சூட்சுமம். மூன்றாவது வாரம் படுத்த பத்து நிமிடத்தில் தூங்கிப்போனேன். அதிலிருந்து வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க ஆரம்பித்தேன். இப்போது பத்தே முக்காலுக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறேன்.

மாலை நாலு மணிக் காபியையும் விட்டேன். குடித்த காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், அதாவது இரவு ஒன்பதுக்கும் பாதிக் கோப்பை உள்ளே இருக்கும். கண்மூடித் துணியும் வாங்கினேன். பரவாயில்லை ரகம்.

இனி பட்டையின் கதை. எட்டாவது மாதம் வாருக்கு அடியில் தோல் சிவந்து அரித்தது, இப்போது கை மாற்றிக் கட்டுகிறேன். முன்பு ஒன்பது நாள் நின்ற சார்ஜ் இப்போது ஐந்து நாள்தான். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுபவர்கள் இதில் வரும் வண்ணப் படத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் பக்கத்தை நான் மறைத்து வைத்துவிட்டேன். எழும் நேரம் தவறாமல் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்ப்பேன், அவ்வளவுதான். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாமல் என் மணிக்கட்டை மட்டும் அதிரவைக்கும் அலாரம் அருமை. இது பழுதானால் இன்னொன்று வாங்குவேன், அந்த ஒரு வசதிக்காக. அதுவும் இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து.