செசரியா தேசியப் பூங்கா: கடலுக்குள் கிடக்கும் துறைமுகத்துக்காகவே போங்கள்

டெல் அவிவுக்கும் ஹைஃபாவுக்கும் ஏறக்குறைய நடுவில், மத்தியதரைக் கடலை ஒட்டி இருக்கிறது செசரியா. புனிதப் பயணமாக இஸ்ரேலுக்கு வரும் தமிழ்க் குழுக்கள் இங்கே இறங்காமல் போவதில்லை. ஆனால் இறங்கிய வேகத்திலேயே ஏறிவிடுகிறார்கள். எங்கள் குழுவுக்கும் அதே கதைதான். நாடக அரங்கில் ஒரு பாட்டு, இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் கல்வெட்டு முன்னால் ஒரு குழுப் படம், அதோடு பேருந்து கிளம்பிவிட்டது. துறைமுகம் எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கடலுக்குள்ள போயிடுச்சு, பார்க்க ஒண்ணுமில்ல" என்றார் கூட வந்த வழிகாட்டி. அந்தப் பதில் எனக்குப் பொறுக்கவில்லை. குழுப் பயணம் முடிந்தபின் அம்மாவும் நானும் சில நாள் கூடுதலாகத் தங்கி, செசரியாவுக்குத் தனியாக வந்தோம். இந்த விமர்சனம் அந்த இரண்டாவது வருகையைப் பற்றியது.

நான் கடல்சார் கட்டுமானத்தில் வேலை பார்ப்பவள். உப்புத் தண்ணீரில் நிற்கப்போகும் கான்கிரீட்டைப் பற்றிக் கவலைப்படுவதுதான் என் தொழில். அதனால் எனக்கு இந்த ஊரின் நாயகன் பிலாத்துவும் இல்லை, ஊரைக் கட்டிய யூதேய அரசர் ஏரோதும் இல்லை. நாயகன் துறைமுகம்தான்.

இந்தக் கடற்கரையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். வளைகுடா கிடையாது, அலையை மறைக்கத் தீவு கிடையாது, நேராக ஓடும் மணல் கரை. ஸ்ட்ராட்டோன் கோபுரம் என்ற பழைய பினீசியக் குடியிருப்பு மட்டும் இருந்த இந்த இடத்தில்தான் கி.மு. 22 வாக்கில் ஏரோது வேலையைத் தொடங்கி, சுமார் 12 ஆண்டுகளில் ஒரு முழு நகரத்தையே எழுப்பினார். ஊருக்கு ரோமப் பேரரசர் அகுஸ்து சீசரின் பெயர், துறைமுகத்துக்கு அகுஸ்துவின் கிரேக்கப் பட்டமான செபஸ்டோஸ். இயற்கை எதையும் கொடுக்காத இடத்தில், திறந்த கடலுக்குள் இரண்டு பெரிய அலைதடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். தெற்குச் சுவர் மட்டும் சுமார் அரை கிலோமீட்டர். முகத்துவாரம் வடக்கே பார்த்து இருந்தது, ஏனென்றால் இந்தக் கரையில் வடகாற்றுதான் சாதுவானது என்று எழுதியிருக்கிறார் முதல் நூற்றாண்டு வரலாற்றாளர் ஜொசிபஸ். நுழைவாயிலின் இருபுறமும் தூண்கள் மேல் மும்மூன்று பிரமாண்டச் சிலைகள் நின்றதாகவும் சொல்கிறார்.

சரி, இதை எப்படிக் கட்டினார்கள்? எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீருக்கடியிலேயே இறுகும். பொசோலானா என்கிற அந்தச் சாம்பல் இந்த வட்டாரத்தில் கிடையாது. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து மத்தியதரைக் கடலின் மறுகோடி வரை கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். பெரிய மரப்பெட்டிகளைச் செய்து, மிதக்கவிட்டு, சரியான இடத்துக்கு இழுத்துப்போய், கலவையும் கல்லும் நிரப்பி மூழ்கடித்தார்கள். இன்றைக்கு நாங்கள் கெய்சன் என்று சொல்லும் முறையும் அடிப்படையில் இதுதான். கடலுக்கடியில் ஆய்வாளர்கள் தோண்டியபோது அந்தப் பெட்டிகளின் மரமே கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஃபார்ம்வொர்க், அதாவது கான்கிரீட் வார்க்கும் அச்சு!

அப்புறம் ஏன் மூழ்கியது? அடியில் இருந்தது மணல். அவ்வளவு எடை உட்கார்ந்தால் மணல் இறங்கும், நிலம் குலுங்கினால் இன்னும் இறங்கும். கட்டி ஒரு நூற்றாண்டு போவதற்குள்ளேயே சுவர்கள் தாழத் தொடங்கிவிட்டன என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்று அந்தச் சுவர்கள் சில மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. 2006-இல் இங்கே நீருக்கடிப் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். ஸ்கூபா தெரிந்தவர்கள் நனையாத வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எண் போட்ட இடங்களைப் பார்த்தபடி நீந்தலாம். அலை அடங்கிய நாளாகப் பார்த்துப் போங்கள், கலங்கிய தண்ணீரில் எதுவும் தெரியாது. கட்டி முடித்தவர்களின் பெருமையை விட, மணலோடு அவர்கள் தோற்ற கதைதான் என்னை அதிகம் பாதித்தது. அதே மணலோடுதான் நாங்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீந்தாதவர்களுக்கு பார்வையாளர் மையம் போதும். ஏரோது அகுஸ்துவுக்கும் ரோமா தேவிக்கும் கட்டிய கோவில் மேடைக்குக் கீழே இருந்த வளைவு அறைகளைச் சீர்செய்து அமைத்திருக்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், எதிரே இருக்கும் சின்னப் படகுத்துறை எவ்வளவு பெரிய துறைமுகத்தின் மிச்சம் என்று கண்ணுக்குப் பிடிபடும். பெரும்பாலான குழுக்கள் தெற்கு வாசலில் நுழைந்து நாடக அரங்கிலேயே நேரத்தைத் தீர்த்துவிடுகின்றன.

நாடக அரங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நன்றாகச் சீரமைத்திருக்கிறார்கள், இன்றும் கச்சேரி நடக்கிறது. பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லை 1961-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இங்கேதான் கண்டெடுத்தார்கள். யாரோ பிற்காலத்தில் அதைப் படிக்கல்லாகப் பயன்படுத்தியிருந்தார்கள். பூங்காவில் இருப்பது பிரதி, அசல் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில்.

அம்மாவுக்கு அப்போஸ்தலர் பவுல் இருந்த இடம் வேண்டும். கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை மேல் ஏரோதின் அரண்மனையின் அடித்தளம் இருக்கிறது. பாறையை வெட்டி எடுத்த குளம் ஒன்று அப்படியே தெரிகிறது. ரோம ஆளுநர்கள் பிறகு இதையே தங்கள் இருப்பிடமாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் காவலில் இருந்த பவுல், ஆளுநர் பெஸ்துவின் முன் நின்று இராயனிடம், அதாவது ரோமப் பேரரசரிடம், முறையிட்ட மண்டபம் இங்கேதான் இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது. அம்மா வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. பேருந்தில் வந்தபோது இந்தப் பக்கமே கூட்டிவரவில்லை, அது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

பக்கத்தில் கடலோரமாக நீளும் தேரோட்டக் களத்தில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். விளையாடட்டும், ஆனால் பெரியவர்கள் இந்த ஊரின் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். கி.பி. 66-இல் இங்கே யூதர்களுக்கும் கிரேக்கர்களுக்கும் மூண்ட மோதல்தான் ரோமுக்கு எதிரான பெருங்கிளர்ச்சிக்கு ஒரு தீப்பொறி. எருசலேம் விழுந்தபின், ரோமத் தளபதி தீத்து தன் தம்பியின் பிறந்தநாளை இந்த ஊரில் கொண்டாடியபோது 2,500-க்கும் மேற்பட்ட கைதிகள் செத்தார்கள் என்று ஜொசிபஸ் எழுதுகிறார்.

வடக்கே சிலுவைப்போர்க் காலக் கோட்டை. பிரான்ஸ் அரசர் 9-ஆம் லூயி 1251-இல் பலப்படுத்திய மதிலும் அகழியும் அருமையாக நிற்கின்றன. 1265-இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் பிடித்து ஊரை இடித்தார். படகுத்துறை அருகே தெரியும் மசூதி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே குடியேறிய பாஸ்னியா முஸ்லிம்களுடையது. அவர்களும் அரபு மக்களும் வாழ்ந்த அந்தக் கிராமம் 1948 பிப்ரவரியில் காலியாக்கப்பட்டது. மசூதியைத் தாண்டிப் போகும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு: வெயில் காலத்தில் வாசல் திறந்ததுமே நுழைந்துவிடுங்கள், நிழல் மிகக் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வயதானவர்களோடு போனால் அரை நாளாவது ஒதுக்குங்கள். துறைமுகப் பகுதியில் உணவகங்கள் இருக்கின்றன, நடுவில் உட்கார்ந்து இளைப்பாறலாம். ரயில் நிலையம் பூங்காவிலிருந்து தூரம், டாக்ஸி வேண்டும். குழுவாக வருகிறவர்கள் பணம் கட்டும் முன்பே செசரியாவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிடுங்கள். இரண்டு மணிக்குக் குறைவு என்றால் பேசிப் பாருங்கள்.

ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மேம்பாலக் கால்வாய் பூங்காவுக்கு வெளியே, வடக்குக் கடற்கரையில் இருக்கிறது. அதற்குச் சீட்டு வேண்டாம். முதலில் கட்டிய கால்வாயோடு ஒட்டி, பேரரசர் ஹட்ரியன் காலத்து ரோமப் படைவீரர்கள் இரண்டாவதைச் சேர்த்தார்கள். ஊரில் ஆள் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும் இல்லையா? சுவரின் குறுக்குவெட்டு தெரியும் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டும் சேரும் கோடு தெரிகிறது. பூங்காவை முடித்துவிட்டு, காரில் சில நிமிஷம் வடக்கே போனால் போதும், விட்டுவிடாதீர்கள்.