மாரியில் புகையும் அடுப்பு: கட்டிய புகைக்கூடா, இரும்புக் குழாயா?

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது கிளிநொச்சிப் பக்கம் பல வீடுகளைப் போல நாங்களும் விறகடுப்புக்குத் திரும்பினோம். கோடையில் குறையில்லை. மாரி தொடங்கியதும் குசினி முழுக்கப் புகை. அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் சோறு வடித்தார்.

பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அது ஆவியாகும் வரை சூடு ஏறாது. வைகாசியிலேயே பிளந்து மழை படாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நன்றாகக் காய்ந்த வேப்பம் விறகு வைத்தும் எங்கள் அடுப்பு புகைந்தது. அடுப்பு மூட்டுமுன் எரியும் கடதாசித் துண்டொன்றைப் புகைக்கூட்டின் வாயில் பிடித்துப் பார்த்தேன். சுடர் உள்ளே இழுபடாமல் என் பக்கம் சாய்ந்தது.

செங்கல் கூடு உறுதியானது. நாள் முழுக்க எரியும் சாப்பாட்டுக் கடை அடுப்புக்கு நானும் அதையே சொல்வேன். சூடானால் சூட்டை விடாது. வீட்டில் எரிவதோ காலையில் ஒரு மணித்தியாலம், மத்தியானம் ஒன்றரை. ஈரமேறிய சுவர் சூடாகுமுன் சமையல் முடிந்துவிடும். புகை பாதி வழியில் குளிர்ந்தால் மேலே ஏறாது, கீழிருந்து காற்றையும் இழுக்காது.

இரும்புக் குழாய் சில நிமிடங்களில் சூடேறிவிடும். நாங்கள் 6 அங்குலக் குழாயை வளைவில்லாமல் நேராக ஏற்றி, கூரை முகட்டுக்கு மேல் 2 அடி விட்டோம். முகட்டுக்குக் கீழே நின்றால் மாரியில் வீசும் வாடைக் காற்று கூரையில் மோதிப் புகையைத் திருப்பித் தள்ளும். பானைக்கும் அடுப்பு வாய்க்கும் இடையில் இடைவெளி இருந்தாலும் இழுவை கெடும். குழாய் நெருப்பை விட்டுவிட்டு அந்த வழியால் காற்றை இழுக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கரி தட்டுகிற வேலைதான். 6 அங்குலக் குழாயின் உள்ளே சுற்றிவர அரை அங்குலம் கரி படிந்தால் மிஞ்சுவது 5 அங்குலம். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் புகை போகும் வழியில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு போய்விட்டது. பழைய கூட்டைத் துப்பரவாக்க நனைந்த ஓட்டில் ஏறி, கயிற்றில் பொச்சுமட்டை கட்டி இறக்க வேண்டும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். குழாயில் கீழ் இரண்டு துண்டுகளைக் கழற்றி வளவில் வைத்துத் தட்டினால் கரி செதில் செதிலாக உதிரும். ஈர விறகு எரித்த மாதங்களில் அது பாணி மாதிரி மினுங்கி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டத்தான் வேண்டும். மேல்துண்டுக்குக் கீழிருந்தே நீளத் தடியில் கட்டிய தும்புத்தடி போதும். மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அரை மணித்தியால வேலை.

கிடுகுக் கூரை என்றால் குழாயை நினைக்கவே வேண்டாம், அந்தச் சூடு ஓலைக்கு ஆகாது. ஓட்டுக் கூரையிலும் மரச் சட்டங்களை விட்டு நன்றாக விலக்கித்தான் ஏற்ற வேண்டும். எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்டால், எனக்கு மூன்று மாரிப் பழக்கம்தான். போன ஐப்பசியில் அடித்துண்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அதை மட்டும் வெல்டிங் கடையில் மாற்றினோம், மற்ற இரண்டும் இன்னும் பழையவைதான்.