பத்து நிமிட ஹெட்லைட் பாலிஷ்: நான் ஏமாந்த கதை

பழைய காரின் மங்கிப்போன ஹெட்லைட்டைப் பாலிஷ் போடக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது 2010 மாடல் ஸ்விஃப்ட். வீட்டில் ஷெட் கிடையாது, மதுரை வெயிலில் தெருவோரம்தான் நிற்கும். இரண்டு லைட்டும் மஞ்சளேறி, மேலே மாவு பூசினாற்போல் ஆகிவிட்டன. ராத்திரி மழை பெய்தால் ரோட்டின் வெள்ளைக்கோடுகூடத் தெரியாது. 2025-ல் 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓ ஆபீஸில் காட்ட வேண்டியும் இருந்தது.

பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். “ஸ்டீம் பாலிஷ் சார், ரெண்டு வருஷம் கேரண்டி” என்றார் முதலாளி. இரண்டுக்கும் சேர்த்து 1,800 ரூபாய். பதினெட்டு வயசு இருக்கும் ஒரு பையன் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் இரண்டு நிமிடம் தேய்த்தான். அப்புறம் மூக்கு வைத்த ஒரு கரண்ட் கப்பில் ஏதோ திரவத்தை ஊற்றிச் சூடாக்கி, வந்த ஆவியை லென்ஸ் மேல் காட்டினான். இனிப்பான ஒரு வாசனை அடித்தது. பத்தே நிமிடத்தில் லைட் கண்ணாடியாக மின்னியது. நானும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பில்லில் கேரண்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை. என் தவறுதான்.

நான்காம் மாதம் மேல் விளிம்பிலிருந்து மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. கூடவே லென்ஸுக்குள் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள். போய்க் கேட்டால், “வெயில்ல நிறுத்தினா அப்படித்தான் சார் ஆகும்” என்கிறார். வெயிலில் நிற்கும் வண்டி என்று முதல் நாளே சொல்லித்தானே கொடுத்தேன்!

கடைசியில் எங்கள் ஏரியா பெயின்டர் அண்ணன்தான் விளக்கிச் சொன்னார். லைட்டின் முன்பக்க லென்ஸ் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். புற ஊதாக்கதிர் தாக்காமலிருக்க கம்பெனியிலேயே மேலே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு சிதைவதால்தான் மங்குகிறது. அந்த ஆவி தண்ணீர் ஆவி இல்லை. டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை லேசாக உருக்கிக் கீறல்களை மூடிவிடும், அதனால்தான் உடனே பளபளப்பு. ஆனால் வெயிலைத் தாங்கும் பூச்சு எதுவும் மேலே இல்லை. கரைப்பான் பட்ட பிளாஸ்டிக் விரிசலும் விடும். டூத்பேஸ்ட், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கும் வைத்தியமும் இப்படித்தான், அது இன்னும் சீக்கிரம் போய்விடும்.

அவர் செய்த வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு 800, 1000, 1500, 2000 நம்பர் பேப்பர்களால் வரிசையாகத் தேய்த்தார். நடுவில் லென்ஸ் முழுக்கப் பால் போல வெளுத்துவிட்டது, பயந்தே போனேன். பழைய பூச்சு திட்டுத்திட்டாக நிற்காமல் ஒரே சீராக வெளுக்க வேண்டும் என்றார். பிறகு ஹார்டனர் கலந்த, புற ஊதாக்கதிரைத் தாங்கும் 2கே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சை அடித்தார். ஈரமாக விழுந்ததுமே வெளுப்பு மறைந்து தெளிந்துவிட்டது. அரை நாள் வேலை, காய ஒரு நாள். வலது லைட் பிழைத்தது. இடதில் விரிசல் ஆழமாக இறங்கியிருந்ததால் செட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தேய்த்த பிறகு மேலே என்ன அடிப்பீர்கள்? “ஒண்ணும் வேண்டாம், ஸ்டீமே போதும்” என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். லென்ஸின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, அதற்கு லைட்டைக் கழற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பணத்தைவிட அந்தப் பையனை நினைத்தால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது. டைகுளோரோமீத்தேன் கலந்த பெயின்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்காவில் 2019-லேயே தடை செய்துவிட்டார்கள். அவன் மாஸ்க்கூட இல்லாமல் குனிந்து நாள் முழுக்க அப்படியொரு ஆவியை இழுக்கிறான். போன வாரம் அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தி அவனிடம் சொன்னேன்.

“வாசனை நல்லாத்தானே சார் இருக்கு” என்றான்.