பேரிடருக்கு ஹாம் தன்னார்வலர்களைத் தயார்செய்ய எது நல்ல வழி? வகுப்பு, வார நெட், ஒத்திகை, திருவிழாப் பணி: ஓர் ஒப்பீடு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மின்கம்பங்கள் வயலில் படுத்துவிட்டன, கூடவே கைப்பேசியும் அடங்கியது. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் இப்படித்தான். செல்போன் கோபுரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன, ஆனால் அவற்றுக்கு மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகப் பாதையும் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு பேட்டரியையும் ஒரு கம்பி ஆன்டெனாவையும் வைத்தே பேசக்கூடியவர்கள் ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள். ஆனால் செட் வைத்திருப்பவர் எல்லோரும் பேரிடருக்குத் தயாரானவர்கள் என்று சொல்ல முடியாது. பயிற்சி வேண்டும். வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குவதே பெரிது. அந்த ஒரு ஞாயிற்றை எதற்குச் செலவிடலாம் என்பதுதான் கிளப் நடத்துகிற எல்லோரின் கேள்வியும். நான்கு வழிகள் கண்முன் இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுதப்பட்ட செய்தியைப் பிழையில்லாமல் கைமாற்றும் ஒத்திகைக்குத்தான் அந்த ஞாயிறு போக வேண்டும். மற்ற மூன்றும் அதற்குத் துணை.

தேர்வு வகுப்பு

இதைத் தவிர்க்க வழியில்லை. இந்தியாவில் ஹாம் செட்டில் பேச ஒன்றிய அரசின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். வானொலிக் கோட்பாடு, சட்டதிட்டங்கள் என்று இரண்டு பகுதிகள். ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு இது போதும், அழைப்புக்குறி (வானொலியில் அவரை அடையாளம் காட்டும் பெயர்) வியூ3 என்று தொடங்கும். ஜெனரல் கிரேடுக்கு இவற்றோடு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தந்திக் குறியீடும் தெரிய வேண்டும், அவர்களுக்கு வியூ2. ஹைதராபாத்தில் 1983இல் தொடங்கிய தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் முதல் உள்ளூர் கிளப்கள் வரை பலரும் இதற்கு வகுப்பு எடுக்கிறார்கள்.

வகுப்பால் கிடைக்கும் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 100 வாட் ஷார்ட்வேவ் செட் ஒன்று பேசும்போது 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் வரை இழுக்கும். யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை அதில் மாட்டி முழு சக்தியில் பேசினால் சீக்கிரமே படுத்துவிடும். 20 வாட்டுக்குக் குறைத்து, சுருக்கமாகப் பேசி, மீதி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தால் அதே பேட்டரி வெகுநேரம் தாங்கும். இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்க்காதவர் முகாமில் போய்த் திண்டாடுவார்.

குறை எங்கே என்றால், தேர்வு முடிந்து உரிமம் கைக்கு வரவே மாதக்கணக்கில் ஆகிறது. அதற்குள் படித்தது மறந்துவிடும். ஓம் விதியை ஒப்பிப்பவர், மைக்கைக் கையில் கொடுத்தால் வாயடைத்து நிற்பார். பேரிடர்ப் பணிக்காக மட்டும் சேர்கிற புதியவரை உடனே மோர்ஸில் உட்கார வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்த சக்தியில், இரைச்சலுக்கு நடுவிலும் மோர்ஸ் போய்ச் சேரும், அது உண்மை. இருந்தாலும் முதல் வருடத்தில் அந்த நேரத்துக்கு வேறு பெரிய தேவைகள் இருக்கின்றன. ரெஸ்டிரிக்டட் கிரேடில் உள்ளே வரட்டும், மோர்ஸ் அப்புறம்.

வார நெட்

குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், ரிப்பீட்டரில் (கையடக்க செட்டின் குரலை வாங்கித் தூரத்துக்கு மறு ஒலிபரப்பும் நிலையத்தில்) எல்லோரும் வந்து அழைப்புக்குறி சொல்லிப் பேசுவது. செலவே இல்லை, வீட்டை விட்டு இறங்க வேண்டியதும் இல்லை. மைக் பயம் போகும். நெட்டை நடத்துகிற நெட் கன்ட்ரோல் கூப்பிடும் வரை பொறுத்திருக்கும் பழக்கம் வரும். புதியவர் ஒருவரை மாதம் ஒருமுறை நெட் கன்ட்ரோலாக உட்கார வைத்தால் இன்னும் நல்லது. ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிட்டால் யாரை முதலில் எடுப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் புரியும்.

ஆனால் ரிப்பீட்டரிலேயே பழகியவர்கள் ரிப்பீட்டரை நம்பியே இருப்பார்கள். அதுவும் ஏதோ ஓர் உயரமான கட்டடத்தில், மின்சாரத்தை நம்பி, காற்றுக்கு நேராக ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு நிற்பதுதானே? புயலில் செல்போன் கோபுரத்துக்கு வருகிற ஆபத்து அதற்கும் வரும். ரிப்பீட்டர் இல்லாமல் கையடக்க செட்டால் தரையிலிருந்து சில கிலோமீட்டர்தான் எட்ட முடியும். எனவே மாதத்தில் ஒரு நெட்டையாவது ரிப்பீட்டரைத் தொடாமல் நேரடியாக நடத்த வேண்டும். யார் யாருக்குக் கேட்கிறது, நடுவில் நின்று யார் கைமாற்றித் தர முடியும் என்ற வரைபடம் அப்போதுதான் கிடைக்கும். பெரும்பாலான வார நெட்டில் நடப்பது நலம் விசாரிப்பு. அது நட்புக்கு நல்லது, செய்தி கைமாற்றப் போதாது.

ஒத்திகை

இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு முகாமிலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிற பயிற்சிச் செய்தியை எடுத்துக்கொள்வோம்: ‘முகாமில் எண்பது பேர். இன்சுலின் ஆறு பேருக்கு வேண்டும். குடிநீர் இன்று மாலை வரை. படகு வேண்டாம். சாலை திறந்திருக்கிறது.’ மொத்தம் 15 சொற்கள். இதை இரைச்சலுக்கு நடுவே, இரண்டு பேர் வழியாகக் கைமாற்றிப் பாருங்கள். ‘எண்பது’ மறுமுனையில் ‘எழுபது’ ஆகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘படகு வேண்டாம்’ என்பது ‘படகு வேண்டும்’ ஆகிவிட்டால்? வேறெங்கோ மொட்டை மாடியில் காத்திருப்பவர்களுக்குப் போக வேண்டிய படகு இங்கே வந்து நிற்கும்.

அமெரிக்க ஹாம்கள் வானொலியில் அனுப்பும் எழுத்துச் செய்திக்கான தங்கள் ரேடியோகிராம் படிவத்தில் செய்தியின் சொல் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புவார்கள். பெறுபவர் எண்ணிப் பார்த்து, குறைந்தால் உடனே கேட்பார். விட்டுப்போன சொல்லைப் பிடிக்க அது அருமையான முறை. ஆனால் மேலே சொன்ன இரண்டு பிழைகளிலும் எண்ணிக்கை 15 என்றேதான் இருக்கும், படிவம் காட்டிக்கொடுக்காது. எனவே தமிழில் செய்தி அனுப்புகிற நாம் கூடுதலாகச் சிலவற்றைப் பழக வேண்டும். எண்ணைச் சொன்ன பிறகு இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும்: எண்பது, எட்டு, சுழியம். ‘வேண்டாம்’ என்று எழுதாமல் ‘தேவையில்லை’ என்று எழுத வேண்டும். பெற்றவர் முழுச் செய்தியையும் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். ஊர்ப் பெயரோடு வட்டமும் வர வேண்டும், புதூர் இல்லாத மாவட்டம் ஏது? வேதாரண்யம் பக்கமே கோடியக்கரையும் கோடியக்காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

இதையெல்லாம் எந்த வகுப்பும் சொல்லித்தராது. ஒத்திகையில் தப்பு நடந்து, மாலையில் அனுப்பிய தாளையும் பெற்ற தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மனதில் பதியும்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹாம் உரிமத்தில் அடுத்தவருடைய செய்தியைச் சாதாரண நாளில் அனுப்பக் கூடாது. நிலநடுக்கம், வெள்ளம், புயல் போன்றவற்றால் வழக்கமான தொலைத்தொடர்பு அறுந்தால் மட்டுமே அனுமதி. அப்போதும் அது அதிகாரமுள்ள அலுவலரிடமிருந்து புறப்பட்டு அப்படிப்பட்ட அலுவலருக்கே போக வேண்டும். அமெரிக்காவில் ரேடியோகிராம்களை நாள்தோறும் கைமாற்றுவதற்கென்றே ஒரு வலையமைப்பு இருக்கிறது. அங்கே அன்றாடமே பயிற்சிதான். இங்கே நாமே பயிற்சிச் செய்தி எழுதி, ‘இது பயிற்சி’ என்று தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லி ஒத்திகை நடத்தினால்தான் உண்டு.

ஒத்திகையிலும் இரண்டு வகை. ஜூன் மாதக் கடைசி வாக்கில் வட அமெரிக்காவில் நடக்கும் ஃபீல்டு டே 1933 முதல் இருந்துவருகிறது. வெட்டவெளியில் ஆன்டெனா கட்டி, மாற்று மின்சாரத்தில் 24 மணி நேரம் பேசுவார்கள். நம் கிளப்களும் அதே பாணியில் முகாம் போடுகின்றன. ஆன்டெனா கட்டப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே கணக்கு எத்தனை தொடர்பு என்பதுதான், அழைப்புக்குறி மாற்றிக்கொண்டதும் அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் அவசரத் தொடர்புக் குழுக்கள் அக்டோபர் வாக்கில் நடத்தும் பாவனைப் பேரிடர்த் தேர்வு வேறு மாதிரி: சூழ்நிலை ஒன்றைக் கற்பனை செய்து, அதற்குள் செய்திகளை ஓட்டிப் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் நடத்த முடியும் என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

அதில் ஷார்ட்வேவும் இருக்கட்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பியில் ஒரு டைபோல் (நடுவில் இணைப்புக் கொடுத்த நேர்க்கம்பி ஆன்டெனா) செய்து, மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் தாழ்வாகவே கட்டினாலும் அலை செங்குத்தாக மேலே போய்த் திரும்பி, பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு நடுவில் எதையும் நம்பாமல் பேசிவிடலாம். உயரமான மரம் தேடி அலைய வேண்டியதில்லை, மரமெல்லாம் சாய்ந்த ஊரில் இது பெரிய வசதி.

திருவிழாப் பணி

கங்காசாகர் மேளாவில் மேற்கு வங்க ஹாம்கள் கூட்டத்தில் தொலைந்தவர்களை உறவினர்களோடு சேர்த்து வைக்கிறார்கள். பாஸ்டன் மாரத்தானில் ஹாம்கள் வழக்கமாகப் பணி செய்பவர்கள், 2013இல் குண்டு வெடித்தபோது அவர்கள் ஏற்கெனவே தங்கள் இடத்தில் இருந்தார்கள். உண்மையான கூட்டம், உண்மையான களைப்பு, மணிக்கணக்கில் காதுகொடுத்துக் காத்திருப்பது எல்லாம் இதில் பழகும். அதைவிட, காவல் துறையும் மாவட்ட நிர்வாகமும் நம்மை முகம் பார்த்து அறிந்துகொள்வார்கள். முன்கூட்டியே அனுமதி வாங்கி, கிடைக்கும்போது செய்ய வேண்டியது இது. வருடத்தின் பயிற்சியை இதை நம்பித் திட்டமிட முடியாது.

போர்ட் பிளேர் சொல்வது

என் வாதத்துக்கு எதிராக ஓர் உதாரணம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நியாயமாக இருக்காது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் போயிருந்தது. அரிதான இடம் என்பதால் உலகெங்கும் இருந்து ஹாம்கள் முண்டியடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காக அமைத்திருந்த அந்த நிலையம்தான் தீவுகளின் செய்தியை நிலப்பகுதிக்குக் கொண்டுவந்தது. பாரதி பேரிடர் ஒத்திகைக்காகப் போனவர் அல்லர். நூறு குரல்களுக்கு நடுவே ஒன்றைப் பிரித்தெடுக்கும் காதும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஷார்ட்வேவ் செட்டும் அன்று கைகொடுத்தன.

ஆகவே, தொலைதூரத் தொடர்பு தேடுவதையும் போட்டிகளையும் ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கும் பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காதுக்கு அதுதான் பயிற்சி. ஆனால் அதைக் கிளப் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆசை வந்தவர் வீட்டில் இரவெல்லாம் தானே செய்துகொள்வார். தாளில் எழுதி, சொல் எண்ணி, திரும்ப வாசித்துச் சரிபார்ப்பதை யாரும் ஆசைக்காகச் செய்வதில்லை. அதனால்தான் கிளப்பின் ஞாயிறு அதற்கு வேண்டும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், எனவே பெரிய ஒத்திகையைச் செப்டம்பருக்குள் வைத்துவிடுவது நல்லது. செய்தி எழுதுகிற இடத்தில் ஹாம் உட்காரக் கூடாது. வருவாய்த் துறையிலிருந்து ஒரு ஆய்வாளரையோ துணை வட்டாட்சியரையோ அழைத்து, அவர் கையெழுத்தில், அவர் எழுதுகிற பாணியிலேயே செய்தி வர வேண்டும். நீளமாக எழுதுவார், சுருக்கெழுத்துகள் போடுவார், அவசரத்தில் தேதியை விட்டுவிடுவார். அவரிடம் மரியாதையாகக் கேட்டுத் திருத்தி வாங்குவதும் ஒத்திகையில் ஒரு பகுதி. முதல் கடிதம் போட்டதும் யாரும் வந்துவிட மாட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு ஜூன் மாதமே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.