லீவில் ஊருக்குப் போய் மோவாய்த் துடிப்புக்கு ஊசி போடுவதாக இருந்தால்

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு நாலு வார லீவு இதற்குப் போதும். ஆனால் முதல் வாரமே நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். கல்யாணம், கோயில் எல்லாம் முடியட்டும் என்று தள்ளினால், போட்டாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போட்டுக்கொண்டு நேரே விமானம் ஏறுவதாகிவிடும். மருந்து பிடிக்க 3 முதல் 7 நாள், முழுப் பலன் தெரிய சுமார் 2 வாரம். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் கீழுதடு ஒரு பக்கம் இறங்காது, சிரிப்பு கோணும், தண்ணீர் குடித்தால் வழியும். சில வாரத்தில் தானே சரியாகும் என்றாலும், அதைப் போட்டவரே பார்ப்பதுதான் நல்லது.

குடும்பத்தில் வழிவழியாக வரும் இந்த மோவாய்த் துடிப்புக்குப் பரம்பரை ஜீனியோஸ்பாசம் என்று பெயர். இதில் துடிப்பது மோவாயிலுள்ள மென்டாலிஸ் தசை. பதற்றத்திலும் கவனம் குவியும்போதும் தோலுக்கடியில் அலை ஓடுவதுபோல் நடுங்கும். ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும் நேரத்தில் சமர்த்தாக அடங்கியிருக்கவும் கூடும். அதனால் சும்மா இருக்கும்போது, பேசும்போது, மனக்கணக்குப் போடும்போது என்று கிட்டே வைத்து வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். சொந்தக்காரர்கள் மோவாயையும் எடுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில் கூடும் ஊரில்தான் வம்ச விவரம் சுலபமாகக் கிடைக்கும். ஸ்கேனைவிட அதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

மரபணு டெஸ்டுக்கு அவசரப்பட வேண்டாம். 1997-இல் 9-ஆம் குரோமோசோமில் இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு பகுதியைக் கண்டார்கள்; எல்லாக் குடும்பத்துக்கும் அது பொருந்தவில்லை. டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. முகத்தோடு கைகாலும் உதறி, தூங்கப்போகும்போதும் விழிக்கும்போதும் கூடினால் கதையே வேறு. அங்கே ஏடிசிஒய்5 மரபணுவைப் பார்ப்பது அவசியம். அந்த மரபணுவின் கோளாறால் வரும் நோயில் காபியிலுள்ள காஃபீனே பலருக்கு மருந்தாகிறது!

ஊசிக்குத் தேவை மோவாயின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சில யூனிட்தான், குப்பியிலோ 50 அல்லது 100 யூனிட். அதனால் பல இடங்களில் நோயாளிகளைச் சேர்த்து ஒரே நாளில் போடுவார்கள். அந்த நாள் எது என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பலன் 3, 4 மாதம் நிற்கும். அடுத்த ஊசி வெளிநாட்டில்தான் என்பதால் மருந்தின் பிராண்ட், எத்தனை யூனிட், எத்தனை மில்லி சலைனில் (உப்புநீரில்) கலந்தது, குத்திய இடங்கள் எல்லாம் சீட்டில் இருக்கட்டும். போட்டாக்ஸ் யூனிட்டும், அதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் யூனிட்டும் ஒன்றல்ல. வெறும் "ஊசி போடப்பட்டது" என்ற சீட்டு அங்கே ஒன்றுக்கும் உதவாது.