குளுவாங்கிலிருந்து பவளம் நடும் பயணம்: ஒரு மதிப்புரை

குளுவாங்கிலுள்ள பயண முகவர் ஒருவர், தியோமான் தீவுக்கான வார இறுதிப் பயணத்தோடு பவளம் நடும் சேவையையும் இணைத்து விற்கிறார். மெர்சிங் வரை வேன், அங்கிருந்து படகு, ஓரிரவுத் தங்கல், உணவு எல்லாம் வழக்கமானவைதான். பவளத்துக்கு மட்டும் தலைக்கு 60 ரிங்கிட் தனியாக வாங்குகிறார்கள். வேன் நேரத்துக்கு வந்தது, சாப்பாடு சுமார். அவற்றை விட்டுவிட்டு அந்த 60 ரிங்கிட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

நடும் வேலையில் ஒழுங்கு இருந்தது. அலையடித்தோ நங்கூரம் பட்டோ உடைந்து மணலில் விழுந்து கிடந்த துண்டுகளை மட்டுமே எடுத்தார்கள். உயிரோடிருக்கும் பவளத்திலிருந்து எதையும் ஒடிக்கவில்லை. மணலில் கிடக்கும் துண்டு நீரோட்டத்தில் உருண்டு தேய்ந்து செத்துவிடும் என்பதால், அசையாத சட்டகம் ஒன்றில் அதை இறுகக் கட்டுவதே இந்த வேலையின் அடிப்படை என்று வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். நீச்சல் தெரியாத பெரியவர்கள், நிழலில் வைத்த கடல்நீர்த் தொட்டியிலேயே துண்டுகளைக் கட்ட முடிந்தது பாராட்டத்தக்க ஏற்பாடு.

என் மறுப்பு, முடிவில் கொடுக்கப்படும் சான்றிதழோடுதான். நாம் நட்டது 'காலநிலை மாற்றத்தைத் தாங்கும் பவளம்' என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தவை அனைத்தும் மான்கொம்புப் பவளத் துண்டுகள். ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்பதால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் கடல் சூடேறும்போது முதலில் வெளுப்பவற்றில் அதுவும் ஒன்று. குண்டுக்கல் போல் வளரும் போரைட்டஸ் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும், ஆனால் வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும். அதில் ஒரு துண்டுகூட அங்கே இல்லை.

கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி அதிகமான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் தன் உடலுக்குள் வாழ்ந்து தனக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. வெப்பம் தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. 2010இல் இப்படி வெளுத்தபோதுதான் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு தற்காலிகமாக மூடியது. 2024 ஏப்ரலில், உலகளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது. 2023 கோடையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சொம்ப்ரெரோ பாறைத்திட்டில் மறுசீரமைப்புக்காக நட்டு வளர்த்த பவளங்கள் முழுவதும் இறந்தன. சட்டகத்தில் கட்டுவதால் மட்டும் ஒரு துண்டுக்கு வெப்பத்தைத் தாங்கும் வலிமை வந்துவிடாது.

அந்த வலிமைக்கு ஓரளவு வழி இருக்கிறது. வெளுப்புக் காலத்திலும் உயிர் பிழைத்த தாய்ப்பவளங்களை அடையாளமிட்டு வைத்து, உடைந்து விழும் அவற்றின் துண்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம். பல வகைகளைக் கலந்து நடலாம். அதன் பிறகு சட்டகத்தில் படரும் பாசியைத் தேய்த்தெடுத்து, பவளத்தைத் தின்னும் நத்தைகளைப் பொறுக்கி, மாதக்கணக்கில் பராமரிக்க வேண்டும். செலவு பிடிப்பது இந்தப் பராமரிப்புதான், விளம்பரத்தில் வராததும் இதுதான். துண்டுகளின் தாய்ப்பவளம் எது என்று முகவரிடம் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லைங்க அண்ணே" என்றார். நேர்மையான பதில் என்றாலும், அந்தச் சான்றிதழோடு அது பொருந்தவில்லை.

திரும்பும் வழியில் கஹாங் அருகே செம்பனை மறுநடவுக்காகத் திறந்து கிடந்த செம்மண்ணைப் பார்த்தோம். மழையில் கரையும் அந்த மண் கஹாங் ஆற்றில் சேரும். அந்த ஆறு எண்டாவ் ஆற்றோடு கலந்தே கடலை அடைகிறது. கரையோரப் பவளத்தை மூச்சுத்திணற வைப்பது இத்தகைய வண்டல்தான். தோட்டப்புறத்து மக்களை ஏற்றிச் செல்லும் வேனில் இதைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். கடலடியைப் பற்றி அவர்கள் அங்கே கற்பது மெய்யான கல்விதான். ஆனால் பணம் கட்டும் முன், துண்டின் அடையாள எண்ணையும் ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தையும் தருவார்களா என்று கேளுங்கள். மறுத்தால் பயணத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். 60 ரிங்கிட்டைக் கட்ட வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் என்பதால் முன்பதிவை மார்ச்சுக்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது.